பழைய சி.ஆர்.டி (பிக்சர் டியூப்) மானிட்டர் கோளாறுகள்: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்குப் பதில்கள்

மூடியைத் திறக்கும் முன் ஒன்று. 230 வோல்ட் ஏ.சி உள்ளே போய் பிரிட்ஜ் டயோடை (ஏ.சியை டி.சி ஆக்கும் பகுதி) தாண்டியதும் சுமார் 325 வோல்ட் டி.சி ஆகி, பெரிய கண்டன்சரில் நிற்கும். பிளக்கை உருவினாலும் அது உடனே இறங்காது. 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை அதன் இரு கால்களுக்கும் குறுக்கே ஐந்து விநாடி பிடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். பிக்சர் டியூபில் 24,000 வோல்ட்டும், பெரிய செட்டில் அதற்கு மேலும் இருக்கும். டியூபின் முதுகில் ஓடும் வெற்றுப் பின்னல் கம்பியில் ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையை ஸ்க்ரூடிரைவரில் கட்டி, தடித்த ஹை வோல்டேஜ் ஒயர் டியூபில் சேரும் ரப்பர் மூடிக்குள் நுழைத்து, உள்ளே இருக்கும் உலோகக் கொக்கியைத் தொடவேண்டும். சில நிமிடம் கழித்து மறுபடியும் தொடுங்கள். கண்ணாடியில் தங்கிய சார்ஜ் திரும்ப ஏறும்.

திருப்பாதிரிப்புலியூர்: சார், ஃபியூஸ் கறுத்துப் போயிருந்தது. புதுசு போட்டேன், அதுவும் உடனே போயிடுச்சு.

கறுத்த ஃபியூஸ் என்றால் நேர் ஷார்ட். இனி 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் (செட்டின் கரண்ட் பல்பு வழியாகப் போகும்படி) போட்டுத்தான் ஆன் செய்யவேண்டும். அதற்கு முன் டீகாஸ் காயில் (டியூபைச் சுற்றி இருக்கும், காந்தத்தை நீக்கும் சுருள்) பிளக்கைக் கழற்றிவிடுங்கள்; இல்லையென்றால் அது இழுக்கும் கரண்ட்டிலேயே பல்பு எரிந்து உங்களைக் குழப்பும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் பிரிட்ஜ் டயோடுகள், பெரிய கண்டன்சர், மாஸ்ஃபெட் (சப்ளையை ஆன், ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) என்ற வரிசையில் பாருங்கள். மாஸ்ஃபெட் போயிருந்தால் அதை மட்டும் மாற்றி ஆன் செய்யாதீர்கள். சோர்ஸ் காலில் இருக்கும் ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், டிரைவ் ஐ.சி மூன்றும் பெரும்பாலும் கூடவே போயிருக்கும். சீரியஸ் பல்பு செட்டைத்தான் காக்கும், உங்களை அல்ல. ஷாக் அப்படியே அடிக்கும்.

லாஸ்பேட்டை: ஃபியூஸ் நல்லா இருக்கு, பெரிய கண்டன்சர்ல 320 வோல்ட் வருது. ஆனா செட் டெட். ஐ.சி 3842.

3842 என்பது மாஸ்ஃபெட்டை ஓட்டும் டிரைவ் ஐ.சி. மீட்டரின் கறுப்பு முனையைப் பெரிய கண்டன்சரின் நெகட்டிவில் வைத்து 7-ஆம் காலைப் பாருங்கள். 16 வோல்ட் தொட்டால்தான் இந்த ஐ.சி கிளம்பும், 10-க்குக் கீழ் இறங்கினால் நின்றுவிடும். அங்கே ஒன்றுமே வரவில்லை என்றால் ஐ.சி கிளம்ப முதல் வோல்டேஜ் தரும் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் ஓப்பன், அதாவது உள்ளே அறுந்துவிட்டது. ஏறி ஏறி இறங்கினால் அதே காலில் இருக்கும் சின்ன கண்டன்சர் காய்ந்திருக்கலாம். பக்கத்துச் சூட்டிலேயே வெந்து கிடக்கும் பொருள் அது. பழைய மதிப்பிலேயே, 105 டிகிரி வகையாகப் போடுங்கள்.

வில்லியனூர்: அண்ணே, டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, படம் இல்ல.

சப்ளை கிளம்பப் பார்க்கிறது, செகண்டரியில் (சப்ளையிலிருந்து கரண்ட் வாங்கும் பக்கத்தில்) யாரோ கழுத்தைப் பிடிக்கிறார்கள். முதலில் ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரின் (படக் கோடுகளைக் குறுக்கே இழுப்பது) கலெக்டர், எமிட்டர் இடையே பாருங்கள். இரு பக்கமும் பூஜ்யம் காட்டினால் ஷார்ட். பேஸ், எமிட்டர் இடையே சில பத்து ஓம் காட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பி.யு 2520 டி.எஃப் போன்றவற்றில் உள்ளேயே ரெசிஸ்டர் உண்டு. அந்த இடத்தில் ஏ.எஃப் வகையைப் போட்டால் டி.எஃப்பின் உள்ளேயே இருக்கும் டாம்பர் டயோடு (திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்வது) இல்லாமல் மறுபடியும் அடிபடும்.

டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு, சீரியஸ் பல்புடன் ஆன் செய்யுங்கள். டிக் டிக் நின்றால் சப்ளை சரி. பிறகு டிரான்சிஸ்டர் ஏன் போனது என்று தேடாமல் புதியதை மாட்டினால் அதுவும் போகும். கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்கு நிற்கும் 1600 வோல்ட் கண்டன்சர் மதிப்பு குறைந்திருந்தால் ஹை வோல்டேஜ் எகிறும். கைவசம் இருப்பதைப் போடாமல், அதே மதிப்பைத்தான் போடவேண்டும். டிரைவர் டிரான்ஸ்பார்மர் கால்களில் டிரை சோல்டர் (ஈயம் பிடிப்பு விட்ட இடம்) இருக்கிறதா, இ.எச்.டி (டியூபுக்கு ஹை வோல்டேஜ் தரும் டிரான்ஸ்பார்மர்) உள்ளே ஷார்ட்டா என்பதையும் பாருங்கள். இன்னொன்று, மானிட்டரில் பி பிளஸ் (ஹாரிசான்டல் பகுதிக்குப் போகும் சப்ளை வோல்டேஜ்) டிவியில் போல ஒரே அளவில் நிற்காது. ரெசல்யூஷன் மாற மாற அதுவும் மாறும். அதைக் கோளாறு என்று நினைக்கவேண்டாம்.

தேவனாம்பட்டினம்: காலைல போட்டா எழுத்தெல்லாம் புகை மாதிரி இருக்கு. அரை மணி நேரத்துல தானா தெளிவாயிடுது. மழைக்காலத்துல ரொம்ப மோசம்.

கடற்கரை ஓரத்துச் செட்டுகளில் இதைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். டியூபின் கழுத்தில் மாட்டும் சாக்கெட்டில், ஃபோகஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பார்க் கேப் (வோல்டேஜ் எகிறினால் பொறியாக வெளியேற்றும் சிறு இடைவெளி) இருக்கிறது. உப்புக் காற்றில் அது பச்சை பூத்து, ஈரம் உறிஞ்சி, ஃபோகஸ் வோல்டேஜைக் கசியவிடும். செட் சூடேறி ஈரம் காய்ந்ததும் கசிவு நிற்கும், எழுத்து தெளியும். இ.எச்.டியில் இருக்கும் ஃபோகஸ் திருகைத் தொடாதீர்கள். காலையில் சரிசெய்தால் மதியம் மங்கும். சாக்கெட்டைத்தான் மாற்றவேண்டும்: கால் எண்ணிக்கை, கழுத்துத் தடிமன் இரண்டும் பொருந்தவேண்டும். கழற்றும்போது நேராகப் பின்னால் இழுங்கள். கழுத்தைச் சாய்த்தால் காற்று புகுந்து டியூப் முடிந்தது.

கடலூர் முதுநகர்: ரப்பர் மூடியைச் சுத்தி நீலமா பொறி, சர்ருனு சத்தம்.

அதுவும் உப்புதான். டிஸ்சார்ஜ் செய்து, மூடியைக் கழற்றி, கண்ணாடியையும் ரப்பரின் உட்புறத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றவேண்டும். பொறி இ.எச்.டியின் உடம்பிலிருந்தே வந்தால் ஒட்டுப்போடுவது சில நாள் தாங்கும், அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை: வெள்ளை எல்லாம் மஞ்சளாத் தெரியுது.

நீலம் வரவில்லை. வி.ஜி.ஏ பிளக்கின் 3-ஆம் பின் வளைந்திருக்கிறதா பாருங்கள் (1 சிவப்பு, 2 பச்சை). கேபிளை ஆட்டும்போது வந்து வந்து போனால் கேபிள். நெக் போர்டை (டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் சின்ன போர்டு) தட்டும்போது வந்தால் அங்கே ஈயம் விட்டிருக்கிறது.

ஆரியாங்குப்பம்: குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிக்கல் ஐ.சி வேலை செய்யவில்லை. அதன் கால்களுக்கு முதலில் ஈயம் வையுங்கள். பிறகு அந்த ஐ.சியின் சப்ளை ரெசிஸ்டரைப் பாருங்கள். சோதிக்கும்போது பிரைட்னஸைக் குறைத்து வையுங்கள், இல்லையேல் அந்தக் கோடு திரையிலேயே எரிந்து பதிந்துவிடும்.

மஞ்சக்குப்பம்: சண்டே மார்க்கெட்ல பழைய மானிட்டர் வாங்கினா டியூப் நல்லதானு எப்படிப் பார்க்கிறது?

குளிர்ந்த செட்டை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஓடிச் சூடான செட்டில் ஒன்றும் தெரியாது. படம் வர ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தால், கான்ட்ராஸ்டை ஏற்றும்போது வெள்ளை வெள்ளி பூசியதுபோல் பளபளத்து வழிந்தால், எமிஷன் (டியூப் எலக்ட்ரான் உமிழும் திறன்) போய்விட்டது. போர்டு கோளாறை ரிப்பேர் செய்யலாம், தேய்ந்த டியூபுக்குச் செலவழிப்பது வீண். அதைத் தவிர்த்துவிட்டு அடுத்த செட்டைப் பாருங்கள்.