பழைய ரிவால்வர் வாங்கியாச்சு, நம்பிச் சுடலாமா?

ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “போலீஸ் துறை கழித்துவிட்ட ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வர் ஒன்றைக் கடையில் வாங்கினேன். குழல் முனையில் கருநீல மெருகு போய் வெள்ளை தெரிகிறது. சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருக்கிறது. சிலிண்டரைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் சந்து தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?”

முதல் இரண்டையும் மறந்துவிடுங்கள். ரோந்து போகிற போலீஸ்காரர் இடுப்பில் வருஷக்கணக்காகத் தோல் உறைக்குள் போய்வந்த துப்பாக்கி அது. முனை தேயத்தான் செய்யும். ஆனால் அதைச் சுட்டது பெரும்பாலும் தகுதித் தேர்வு நாட்களில் மட்டும்தான் இருக்கும். சிலிண்டரில் உள்ள கோடு, அதைப் பூட்டுகிற சின்ன இரும்பு நாக்கு உரசியதால் விழுந்தது. ஸ்மித் ரிவால்வர்களில் அது சகஜம். பளபளவென்று மறுமெருகு போட்டு, பொறித்த எழுத்துகள் மழுங்கிப்போன துப்பாக்கியைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆட்டமும் சந்தும் அளந்து பார்க்க வேண்டியவை. அதற்கு முன், சிலிண்டரைத் திறந்து தோட்டா போடும் ஆறு அறைகளும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். சோதனை நடக்கும் இடத்தில் தோட்டாவே இருக்க வேண்டாம்.

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. சிலிண்டர் பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆடினால் பயமில்லை. குழலின் பின்வாய் புனல் மாதிரி விரிந்திருப்பதால், குண்டு நுழையும்போது அந்தச் சிறு விலகல் சரியாகிவிடும். முன்னும் பின்னுமாக ஆடுவதைத்தான் கவனிக்க வேண்டும். பைக் டேப்பட் சரிசெய்ய மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்குங்கள், வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். சிலிண்டரைப் பின்பக்கம் தள்ளிப் பிடித்து, அதற்கும் குழலுக்கும் நடுவே உள்ள சந்தை அளங்கள். பிறகு முன்பக்கம் தள்ளி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு என்றால் நல்ல துப்பாக்கி. ஐந்து, ஆறு என்று போனால் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள். மெல்லிய எஃகு வளையம் ஒன்றை உள்ளே போட்டுச் சரிசெய்துவிடுவார், பெரிய வேலை இல்லை.

சந்து இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சூட்டிலும் கரியிலும் சிலிண்டர் இறுகி நின்றுவிடும். 0.004 முதல் 0.008 அங்குலம் வரை நல்ல அளவு. 0.010 வந்தாலும் சுடலாம். 0.012-ஐத் தாண்டினால் வேகம் குறையும், பக்கவாட்டில் தீப்பொறியும் ஈயத்துணுக்கும் அதிகம் தெறிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் உண்மையில் எல்லாவற்றிலும் முக்கியம்: டைமிங். ஹேமரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலை, பின்னுக்கு இழுக்கும்போது சிலிண்டர் சுழன்று, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்கு முன்பே அந்தப் பூட்டு விழுந்துவிட வேண்டும். சிலிண்டரின்மேல் விரலை லேசாக வைத்து, சுழற்சிக்குச் சற்றே தடை கொடுத்தபடி, ஹேமரை மெதுவாக இழுங்கள். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருந்தால் அந்த அறை பின்தங்குகிறது என்று அர்த்தம். ஆறு அறைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் பின்தங்குவதும் உண்டு. இங்கே பலர் கோட்டைவிடும் விஷயம், காலி அறைகளோடு சோதிப்பது. சுட்ட தோட்டாக்களின் உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு அப்போது தானாகவே கொஞ்சம் ஆடும், நல்ல துப்பாக்கியும் பின்தங்குவது போலத் தெரியும். சுட்டு முடித்த காலி உறைகளையோ ஸ்நாப் கேப் எனப்படும் போலித் தோட்டாக்களையோ போட்டுப் பாருங்கள். டைமிங் பிசகிய ரிவால்வரில் குண்டு குழலின் விளிம்பில் இடித்து ஈயத்தைச் சீவிப் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும். அதைச் சரிசெய்யும்வரை சுடாதீர்கள்.

ஹேமர் பின்னால் நிற்கும்போதே, டிரிகரைத் தொடாமல், பெருவிரலால் ஹேமரை ஓரளவு அழுத்தி முன்னே தள்ளுங்கள். விழக்கூடாது. விழுந்தால் யாரோ டிரிகரை ‘மென்மை’யாக்குகிறேன் என்று அரத்தோடு இறங்கியிருக்கிறார். அடுத்து, டிரிகரை விட்டுவிட்டு, ஹேமர் முன்னே இருக்கும் நிலையில் ஹேமரையே அழுத்துங்கள், அடிக்கும் முனை துளை வழியாக எட்டிப்பார்க்கக்கூடாது. ஹேமரை மெல்லப் பின்னுக்கு இழுத்தபடி அதற்கும் துப்பாக்கியின் உடல் சட்டத்துக்கும் நடுவே பாருங்கள், மெல்லிய பட்டை ஒன்று கீழே இறங்குவது தெரியும். கீழே விழுந்தால் வெடிக்காமல் காப்பது அதுதான். இரண்டாம் உலகப்போரின்போது கப்பலில் தவறி விழுந்த ரிவால்வர் வெடித்து ஒருவர் இறந்த பிறகு இந்த அமைப்பை மாற்றினார்கள். அது இல்லாமலும் துப்பாக்கி வேலை செய்யும் என்பதால், வீட்டில் கழற்றிய சிலர் திரும்ப மாட்டாமலே விட்டுவிடுவார்கள். பக்கத் தகட்டின் திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

சிலிண்டரைத் திறப்பது கஷ்டமாக இருந்தால் உறைகளை வெளித்தள்ளும் கம்பி தளர்ந்திருக்கலாம். 1960களின் தொடக்கத்திலிருந்து அதற்கு இடதுபக்க மரை, வழக்கமான திசையில் முறுக்கினால் இன்னும் கழன்றுவிடும். இறுக்கும்போதும் அறைகளில் காலி உறைகள் இருக்கட்டும். திறந்து சுற்றினால் கம்பி தள்ளாடுகிறதா? அது வளைந்திருக்கும். சிலிண்டரைத் தாங்கும் கையும் வளைந்திருக்கலாம், சினிமாவில் வருவதுபோல மணிக்கட்டைச் சுண்டி மூடியவர்கள் கைங்கரியம் அது. நீங்கள் இரு கையாலும் மூடுங்கள்.

குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். நடுவில் வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் குழல் எப்போதோ உப்பியிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈயப் படிவு என்றால் தேய்த்தால் போய்விடும். குழலின் பின்வாயில், அடிப்பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதே உடல் அளவில் வரும் .357 மேக்னம் மாடல் 19-இல்தான் அந்தத் தொல்லை அதிகம், உங்கள் .38-க்கு அரிது.

கடைசியாக எழுத்துகள். சிலிண்டரைத் திறந்தால் தாங்கு கைக்கு உள்பக்கம் மாடல் எண் இருக்கும், 1957-இல் தொடங்கிய வழக்கம் அது. எண் இல்லாத, அதற்கும் முந்தைய துப்பாக்கியில் ப்ளஸ் பி எனப்படும் அதிக அழுத்தத் தோட்டா வேண்டாம். குழலில் .38 ஸ்பெஷல் என்று பொறித்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் பிரிட்டனுக்குப் போனவை .38 எஸ் அண்ட் டபிள்யூ என்ற வேறு தோட்டாவுக்கானவை. பிறகு சிலவற்றின் அறைகளை ஆழப்படுத்தி .38 ஸ்பெஷல் ஆக்கினார்கள். அறை அகலமாக இருப்பதால் அவற்றில் உறை உப்பும், பிளக்கவும் செய்யும்.

எல்லாம் சரி என்றால் சுடும் களத்துக்குப் போங்கள். 158 கிரெய்ன் எடைக் குண்டுள்ள சாதாரணத் தோட்டாவாக, முதலில் ஒன்றே ஒன்று போட்டுச் சுட்டு உறையைப் பாருங்கள். உறையின் அடியில் உள்ள பிரைமரின் (ஹேமர் அடித்ததும் தீப்பற்றும் சின்ன மூடி) நடுவில் வட்டமாகக் குழி விழுந்து, உறை விரிசலின்றித் தடங்கலில்லாமல் வெளியே வந்தால் ஒவ்வோர் அறையிலும் அதே சோதனையைச் செய்துவிட்டு ஆறையும் நிரப்பலாம். பக்கத்து மேடையில் நிற்பவர் ஏதோ தெறிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு நேராக கன்ஸ்மித்திடம் போங்கள்.