பிசகும் படிகம், அறுந்துபோகாத வைஃபை

கேள்வி: வைஃபை ரௌட்டரில் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் குவார்ட்ஸ் படிகம் மிக மலிவானதாமே. அது பிசகினால் இணைப்பு அறுந்துவிடாதா?
– வாசகர், திருச்சி

பதில்: பிசகத்தான் செய்யும். வைஃபை தரநிர்ணயங்களில் ஒன்றான 802.11ஏ-வே பத்து லட்சத்துக்கு 20 பங்கு விலகலை அனுமதிக்கிறது. ரௌட்டர் ஒரு பக்கமும் கைப்பேசி எதிர்ப்பக்கமும் விலகினால், 5.2 கிகாஹெர்ட்ஸில் வித்தியாசம் 208 கிலோஹெர்ட்ஸ். தரவைப் பங்கிட்டுச் சுமக்கும் துணை அலைகளுக்கு இடையே உள்ள அதிர்வெண் இடைவெளியே 312.5 கிலோஹெர்ட்ஸ்தான்! சரிசெய்யாமல் விட்டால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மாணவனாக இருந்தபோது நான் செய்த முதல் பெறுவியில் (ரேடியோ அலையைப் பெறும் கருவி), தரவைக் குறிக்கும் நான்கு புள்ளிகள் தெரிய வேண்டிய திரையில் ஒரு வளையம் சுழன்றது. இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். குற்றவாளி படிகம். பலகையின் மேல் வாயால் ஊதினால்கூடச் சுழலும் வேகம் மாறியது. அதனால்தான் சொல்கிறேன், விலையுயர்ந்த படிகம் மட்டும் தீர்வாகாது. வெப்பம் அதையும் சிறிதளவாவது அசைக்கும்.

தீர்வு அழகானது. ஒவ்வொரு தரவுப் பொதியின் தொடக்கத்திலும் 0.8 மைக்ரோவினாடி நீளமுள்ள ஒரே வடிவம் 10 முறை வருகிறது. பெறுவி அடுத்தடுத்த இரண்டை ஒப்பிடுகிறது. பிசகு இல்லையென்றால் இரண்டும் ஒன்றே. இருந்தால், இரண்டாவதன் கட்டம் (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம்) சற்றே திரும்பியிருக்கும். மேற்சொன்ன விலகலுக்கு ஏறத்தாழ 60 பாகை. அந்தக் கோணத்திலிருந்து பிசகைக் கணக்கிட்டு, வரும் அலை முழுவதையும் எதிர்த்திசையில் சுழற்றிவிடுகிறது. மிச்சப் பிசகை, 52 துணை அலைகளில் வழிகாட்டிகளாக ஒதுக்கிய 4 அலைகள் பொதி முடியும்வரை காட்டிக்கொடுத்தபடி இருக்கும்.