பழைய காரின் டேஷ்போர்டுக்கு அசல் நிறத்தை எப்படிக் கொண்டுவருவது?

ஃபியட் 1100-இன் இரும்பு டேஷ்போர்டு வெளுத்துவிட்டது, பழைய நிறத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் இடத்தைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லாதீர்கள். அது பல வருட வெயில் தின்ற நிறம். ஆஷ்டிரேயையோ ஸ்பீடோமீட்டரையோ கழற்றினால் விளிம்புக்கு அடியில் வெயில் படாத ஒரு மெல்லிய பட்டை இருக்கும். ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை) தொட்டு லேசாகத் தேயுங்கள், அசல் நிறம் தெரியும். பெயிண்ட் கடைக்கு அந்தப் பாகத்தையே எடுத்துப்போங்கள். போனில் எடுத்த படம் உதவாது.

டப்பாவில் பார்த்து முடிவு செய்யவும் கூடாது, காய்ந்ததும் நிறம் மாறும். தகரத் துண்டில், டேஷ்போர்டுக்குப் போடப்போகும் அதே பிரைமர் (பெயிண்டுக்கு முன் போடும் அடிப்பூச்சு) போட்டு, பெயிண்ட் அடித்து, ஒருநாள் காயவிட்டு, முதலில் வாசல் வெளிச்சத்தில், அப்புறம் டியூப்லைட்டில் அசலோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். வெயிலில் அச்சாக ஒத்துப்போனது விளக்கடியில் பச்சையடிக்கலாம். சேர்த்த நிறமிகள் வேறென்றால் அப்படித்தான்.

பலர் கோட்டைவிடுவது பளபளப்பில். நிறம் சரியாகவே இருந்தாலும் மினுமினுப்பு கூடினால் வேறு நிறம்போலத் தெரியும். கடைக்காரரிடம் அதையும் சொல்லிக் கலக்க வையுங்கள். பிளாஸ்டிக் பாகமென்றால் அதற்கான பிரைமர் தனி. அதைப் போடாமல் விட்டால் பெயிண்ட் உரிந்து கையோடு வரும்.