அப்பாவின் பை பூத்துப்போச்சு!

கேள்வி: அப்பா ஹார்பரில் வேலை பார்த்தபோது வாங்கிய தோல் பை. அவர் போன பிறகு பாலிதீன் கவரில் சுற்றிப் பரணில் வைத்திருந்தோம். மழைக்காலம் முடிந்து எடுத்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, மக்கிய வாடை வேறு. தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
- ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. வெயிலில் போட்டால் தோல் கருவாடு மாதிரி முறுகிவிடும். எண்ணெய் பூஞ்சைக்குத் தீனி.

சில சமயம் தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்தும் வெள்ளையாகப் படியும். லேசாகச் சூடு காட்டினால் அது உருகி மறையும், பூஞ்சை மறையாது. உங்கள் பையில் வாடையும் இருக்கிறது, எனவே பூஞ்சைதான்.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு பையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் மற்ற சாமான்களிலும் போய் உட்காரும். பழைய டூத் பிரஷால் காய்ந்தபடியே தேயுங்கள். தையல் ஓரம், வாரின் மடிப்பு, உள் அறையின் மூலை, இங்கேதான் அது ஒளிந்திருக்கும்.

அப்புறம் மருந்துக்கடை ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். அதற்கு முன் அடிப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தொட்டுப் பாருங்கள். பெரியமேட்டில் நான் கடை போட்ட புதிதில், ஒருவருடைய பழுப்புப் பையில் ஸ்பிரிட்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் துடைத்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் துணியோடு வந்துவிட்டது. அந்த ஆள் திட்டக்கூட இல்லை, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

துடைத்த பிறகு உள்ளே வெள்ளைத்தாள் திணித்து, நிழலில், ஃபேன் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நன்றாகக் காய்ந்ததும் லெதர் க்ரீம் கொஞ்சமே கொஞ்சம். கறுப்புப் புள்ளி ஒன்றிரண்டு நிற்கலாம். அதைச் சுரண்டாதீர்கள்.

இனி பாலிதீன் கூடாது. ராயபுரத்துக் கடல்காற்று ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். பழைய தலையணை உறையில் போட்டு, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் நாலைந்து சேர்த்து வையுங்கள். அந்துருண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அது பூச்சிக்குத்தான். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

கேள்வி: என் 'லெதர்' ஹேண்ட்பேக் செதில் செதிலாக உரிகிறது. என்ன தடவலாம்?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: எதுவும் தடவ வேண்டாம். தோல் அப்படி உரியாது. இது ரெக்ஸின், மேலே இருக்கும் பிளாஸ்டிக் பூச்சு ஈரத்தில் கெட்டுப் பெயர்கிறது. ஜிப்பும் பக்கிளும் நன்றாக இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், வேறு பைக்கு ஆகும்.