ஜோஷ் கிப்சனின் எண்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிறப் பாகுபாட்டுக் காலத்து அமெரிக்க பேஸ்பால் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்குகளை, அந்நாட்டின் உச்ச நிலைப் போட்டி அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் 2024இல் தன் பதிவேட்டில் சேர்த்ததும், வாழ்நாள் மட்டைச் சராசரியில் (மட்டை வாய்ப்புகளில் வெற்றிகரமான அடிகளின் விகிதம்) வெள்ளையின வீரர் டை காப் நெடுங்காலம் வகித்த முதலிடம் கறுப்பின வீரர் ஜோஷ் கிப்சனுக்குச் சென்றது. 3,000 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவரைச் சுமார் 600 ஆட்டங்கள் ஆடியவருக்குக் கீழே வைப்பது பழைய பாவத்துக்குப் பரிகாரமா, விளையாட்டு நியாயமா? கிப்சன் மேஜர் லீக் பந்துவீச்சாளர்களை லீக் ஆட்டங்களில் எதிர்கொள்ளவே இல்லையே?

இரா., மதுரை

அன்புள்ள இரா.,

உங்கள் இரண்டாவது கேள்வியைக் காப் பக்கமும் திருப்பிக் கேட்க வேண்டும். அவர் 1905 முதல் 1928 வரை ஆடினார். அத்தனை ஆண்டுகளில், கறுப்பினத்தவர் என்று அறியப்பட்ட ஒரு பந்துவீச்சாளர்கூட மேஜர் லீக் ஆட்டத்தில் அவருக்கு எதிரே நின்றதில்லை. 1884இல் டொலிடோ அணியில் வாக்கர் சகோதரர்கள் ஆடியதற்குப் பின், 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கும் வரை அந்தக் கதவு மூடியே இருந்தது. அதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. உரிமையாளர்கள் தமக்குள் காத்துவந்த உடன்பாடே போதுமானதாக இருந்தது. ஆகவே கிப்சனின் எண்கள் பாகுபாட்டுக்கு உட்பட்டவை என்றால் காப்பின் எண்களும் அவ்வாறே. பருவம் முடிந்த பின் இரு தரப்பினரும் மோதிய காட்சி ஆட்டங்களில் கறுப்பின அணிகள் பலமுறை வென்றிருக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி ஆட்ட எண்ணிக்கை. (நீக்ரோ என்னும் சொல் இன்று உறுத்துகிறது, அந்த லீக்குகள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.) 1920இல் கன்சாஸ் சிட்டியில் கறுப்பின அணி உரிமையாளர் ரூப் ஃபாஸ்டர் முதல் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கியபோதும் சரி, பின்னரும் சரி, பெரும்பாலான அணிகளுக்குச் சொந்த மைதானம் இருக்கவில்லை. கிப்சன் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி, வாஷிங்டனில் வெள்ளையர் அணி வெளியூர் சென்றிருக்கும் நாட்களில் அதன் மைதானத்தை வாடகைக்கு எடுத்தே ஆடியது. இத்தகைய நிலையில் லீக் ஆட்டங்களை மட்டும் நம்பி ஓர் அணியை நடத்த முடியாது. ஆகவே வீரர்கள் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, அங்கங்கே இருந்த உள்ளூர் அணிகளுடன், சில நாட்களில் இரண்டு மூன்று ஆட்டங்கள்கூட ஆடினார்கள். அவர்கள் குறைவாக ஆடவில்லை. ஆடியதில் பெரும்பகுதி லீக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். வந்த கணக்கையும் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பின வார இதழ்களின் பழைய பக்கங்களிலிருந்து ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் திரட்ட வேண்டியிருந்தது.

ஓரிடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். 1943ஆம் ஆண்டில் கிப்சனின் சராசரி .466 என்பது இன்று ஒரு பருவத்துக்கான சாதனையாகப் பதிவாகியுள்ளது. எழுபது ஆட்டங்களுக்குள் எடுத்த சராசரியை 150 ஆட்டங்களின் சராசரியோடு ஒரே வரிசையில் வைக்கும்போது எனக்கும் தயக்கம் இருக்கிறது. சிறிய தொகுப்பில் ஏற்ற இறக்கம் அதிகம். ஆனால் பெருந்தொற்றின் காரணமாக 2020இல் ஒவ்வோர் அணிக்கும் 60 ஆட்டங்களே விதிக்கப்பட்டபோது, அந்தப் பருவத்தின் சாம்பியன் பட்டங்களையோ சராசரிகளையோ பதிவேட்டிலிருந்து விலக்க வேண்டும் என்று மேஜர் லீக் நிர்வாகம் நினைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில்தான் 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளுக்கு மேஜர் தகுதி உண்டு என்று அறிவித்தார்கள்.

பரிகாரம் என்ற சொல்லுக்கும் வருகிறேன். 1969இல் ஒரு குழு அமர்ந்து, வரலாற்றில் எவையெல்லாம் மேஜர் லீக் என்று முடிவு செய்தது. 1884இல் ஒரே ஒரு பருவம் நடந்து, அதற்குள்ளேயே பல அணிகள் கலைந்துபோன யூனியன் அசோசியேஷன் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. நீக்ரோ லீக்குகளோ பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. சலுகை எந்தப் பக்கம் வழங்கப்பட்டது என்று நீங்களே பாருங்கள். என் மனத்தாங்கல் வேறு: 2020 அறிவிப்பு இந்த லீக்குகளை மேஜர் நிலைக்கு ‘உயர்த்துவதாக’ச் சொன்னது. அவை கீழே இருந்தன என்பதை அச்சொல் இன்னும் ஒப்புக்கொள்கிறது.

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்தில் கிப்சனின் பலகை, அவர் ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து எடுப்பவை) அடித்ததாகச் சொல்கிறது. புதிய பதிவேட்டிலோ அவை 200ஐக்கூட எட்டவில்லை. நடுவிலுள்ளவை அந்த லீக் கணக்கில் வராத ஆட்டங்களில் அடித்தவை. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்பு, 1947 ஜனவரி 20 அன்று, முப்பத்தைந்து வயதில் கிப்சன் இறந்தார். 1975 வரை அவர் கல்லறையில் பெயர்க்கல்லும் இல்லை.

அன்புடன்