தலைப்பு கொடுத்தால் ஹைக்கூ தட்டையாகிறதே?

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு தலைப்பு தருவார்கள். ‘முதல் மழை’க்கு நான் எழுதியது: ‘முதல் மழையில் / மண்வாசனை எழுகிறது / மனம் மகிழ்கிறது.’ தட்டையாகவே வருகிறது. மூன்று வரிக்கும் 5-7-5 என்று எண்ணாததுதான் குறையா?
– வாசகி, திருச்சி

பதில்: எண்ணிக்கை குறையில்லை. ஜப்பானியர் எண்ணுவது ‘ஓன்’ என்னும் ஒலியளவு. நெடிலுக்கு இரண்டு, தனித்து நிற்கும் ‘ன்’னுக்கு ஒன்று, அவர்கள் கணக்கில் டோக்கியோ நான்கு ஓன். உருபும் விகுதியும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களை 17 எழுத்தில் திணித்தால் பொருள் நசுங்கும். சின்னதாக மூன்று வரி, பத்துச் சொல்லுக்குள் போதும். (அந்த மூன்று வரிகூடக் கட்டாயமில்லை, ஜப்பானில் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரிதான்.)

தலைப்பை நீங்கள் விளக்கிவிட்டீர்கள், அதுதான் சிக்கல். மழை என்றதுமே மண்வாசனை படிப்பவருக்குத் தானாக வந்துவிடும். இப்படி அளவுக்கு மீறி ஒட்டுவதை ஜப்பானியக் கவிஞர்கள் ‘த்சுகிசுகி’ என்று ஒதுக்குவார்கள். மூன்றாம் வரி உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுகிறது, தயங்காமல் அடித்துவிடுங்கள்.

ஜப்பானில் ‘குகாய்’ என்னும் கவிக்கூட்டத்துக்குத் தலைப்பை முன்பே அறிவிப்பதும் உண்டு, கூட்டத்திலேயே கொடுப்பதும் உண்டு. தலைப்பு பருவச்சொல்லாக, அதாவது ஒரு பருவத்தைக் குறிக்கும் சொல்லாக, இருந்தால் பழகிய வழி இது: ஐந்து ஓன் பகுதியில் தலைப்பை வைத்து, ‘யா’ என்ற வெட்டுச்சொல்லால் நிறுத்துவார்கள். நமக்கு ஒரு கோடு போதும். மீதி 12 ஓனில் தலைப்பைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஆகவே மழையை மறந்து, இந்த வாரம் கண்ணில் பட்டவற்றில் பத்தைத் தாளில் குறியுங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ‘முதல் மழை’யை வைத்துப் பாருங்கள்.

முதல் மழை –
பழைய வீட்டுச் சாவி
இன்னும் வளையத்தில்

சாவிக்கும் மழைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் அந்த வீட்டில் இப்போது யார் நனைந்த துணியை எடுக்கிறார்கள் என்று மனம் ஓடும். ‘முதல் மழை – / கால்குலேட்டரில் / பேட்டரி இல்லை’ என்றால் தொடர்பு அறுந்தே போகும். பத்தில் ஏழெட்டு இப்படித்தான் விழும், தள்ளிவிடுங்கள்.

இன்னொரு பருவத்தையும் உள்ளே விடாதீர்கள். ஜப்பானிய மரபில் நிலா என்றாலே இலையுதிர்காலம், தவளை என்றால் வசந்தம். இரண்டும் சேர்ந்தால் காலம் குழம்பும். உங்கள் முதல் மழையோடு மார்கழிப் பனி வந்தாலும் அதே கதிதான்.

தலைப்பு ‘கண்ணாடி’ போலப் பருவம் இல்லாத சொல்லா? அப்போது அந்தச் சொல் கவிதைக்குள் எங்கேனும் வந்தால் போதும், பருவத்தை நீங்கள் தேட வேண்டும். 5-7-5-7-7 அமைப்புள்ள ‘தங்கா’ என்னும் இன்னொரு ஜப்பானியக் கவிதை வடிவத்தில் பருவச்சொல் கட்டாயமே இல்லை. தங்கா வாசிக்கும் ஜப்பானிய அரண்மனையின் புத்தாண்டுக் கவியரங்குக்கு 2025இல் தந்த தலைப்பு ‘கனவு’. கனவைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து கவிதையில் இருக்க வேண்டும் என்பதே அங்கே விதி.