உபுண்டுவில் பகிர்ந்த ஃபோல்டர் விண்டோஸில் தெரிகிறது, ஆனால் சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் திறக்கவில்லையே, ஏன்?

ஃபோல்டரின் பெயர் தெரிகிறது என்றால் கேபிளையும் ரூட்டரையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் சிக்கல் சாம்பாவில்தான், அதாவது உபுண்டு ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருளில். உபுண்டுவில் நீங்கள் லாகின் செய்யும் பாஸ்வேர்டை அது பார்ப்பதில்லை. தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதே யூசர் பெயரை அந்தப் பட்டியலிலும் ஒருமுறை சேர்த்து, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். ஒரு மாலை முழுக்க ஃபயர்வாலைக் குடைந்த பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது.

அப்புறம், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய தவறான பாஸ்வேர்டு தங்கியிருக்கலாம். அதை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். திறக்கிறது, ஆனால் ஃபைலைச் சேமிக்க முடியவில்லை என்றால் உபுண்டு பக்கம் ஃபோல்டர் அனுமதியைப் பாருங்கள்.

ஃபைல் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ யாராவது இயக்கச் சொன்னால் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். 2017இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீம்பொருள் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.